காணாத கோளை அறிந்த கதை

கடந்த ஜனவரியில் ஓர் இரவு. மாரி மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்திருந்தது. இஷாத் தொழுகை முடிந்த கையோடு எங்கள் தெருவில் மின்சாரமும் நின்றுபோக, வீட்டார் எல்லோரும் முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்தோம். நான் அண்ணாந்து ஒரு வெள்ளியைச் சுட்டிக் காட்டினேன்.

"மூத்தம்மா, அந்தா தெரியுற மங்கல் வெள்ளியச் சுத்தி, வியாழன் மாதிரிப் பெரிய கிரகம் ஒண்டு ஓடுது."

"அப்பிடியா மகள்? அதக் கண்டவங்க ஆரு?"

"ஒருத்தரும் காணல்ல. விஞ்ஞானிகள் சொல்றாங்க."

மூத்தம்மா சிரித்தார். "ஆரோ சொல்றாங்க எண்டு நாங்க கனதரம் ஓடியிருக்கம் புள்ள."

அவர் எதைச் சொன்னார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. இலங்கையில் அன்று மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் எங்களுடைய அம்பாறைதான். அதன்பின் பல இரவுகளில் எவரோ ஒருவர் "கடல் வருது" என்று கத்த, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே வயல்வெளிப் பக்கம் ஓடியதை மூத்தம்மா அடிக்கடி சொல்வார். முறையான எச்சரிக்கை வந்தால் ஒரு கணமும் நிற்காமல் ஓட வேண்டும் என்பதும் அவர் சொல்வதுதான். ஆனால் தெருவில் எழும் கூச்சலுக்கு ஓடி ஓடிக் களைத்த பிறகு, ஒரு கேள்வியைக் கேட்க அவர் பழகிக்கொண்டார்: கண்டவர் ஆர்?

அன்றிரவு அக்கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "விஞ்ஞானிகள் சொல்றாங்க" என்பதும் "ஆரோ சொல்றாங்க" என்பதும் கேட்பவருக்கு ஒன்றுதானே? ஆகவே தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஆற்றின் நடுவே ஒரு வெள்ளி

நான் காட்டிய நட்சத்திரத்தின் பெயர் எப்சிலன் எரிடானி. அது எரிடானஸ் என்ற நட்சத்திரக் கூட்டத்தைச் சேர்ந்தது. கிரேக்கர்கள் அக்கூட்டத்தை வானில் வளைந்தோடும் ஓர் ஆறாகக் கண்டார்கள். அரபு வானியலாளர்களும் அதை 'அந்நஹ்ர்', அதாவது ஆறு, என்றே அழைத்தார்கள். அந்த ஆற்றின் நட்சத்திரங்களுக்கு அவர்கள் தந்த பெயர்களை உலகம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆறு தொடங்கும் இடத்திலுள்ள 'குர்ஸா' நாம் அறிந்த குர்ஸி, ஆசனம். நடுவிலுள்ள 'ஸவ்ரக்' என்றால் படகு. தெற்கே ஆறு முடியும் இடத்தில் ஒளிரும் 'அகர்நார்' என்பது 'ஆகிருந் நஹ்ர்', ஆற்றின் முடிவு. அரபுப் பாடத்தில் படித்த சொற்கள் நம் தலைக்கு மேலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

கி.பி. 964 அளவில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி என்ற பாரசீக அறிஞர் நட்சத்திரக் கூட்டங்களைப் பற்றி எழுதிய நூலில் இந்த ஆறும் இடம்பெறுகிறது. அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் தொலமி என்பவர் நட்சத்திரங்களின் பிரகாசத்தைப் பட்டியலிட்டிருந்தார். பெரியவர் எழுதியது என்று அஸ்ஸூபி அதை அப்படியே பிரதிசெய்யவில்லை. ஒவ்வொன்றையும் தம் கண்ணால் பார்த்து, மாறுபட்ட இடங்களைத் திருத்தினார். மூத்தம்மாவின் கேள்வியை அவரும் கேட்டிருக்கிறார்.

எப்சிலன் எரிடானியை நீங்களும் காணலாம். ஜனவரி நடுப்பகுதியில் இரவு எட்டு மணியளவில் அது ஏறத்தாழ உச்சி வானில், சற்றே தெற்குப் பக்கம் நிற்கும். முதலில் 'வேட்டைக்காரன்' என்ற ஒரயன் கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் காற்பக்கம் நீலவெண்மையாக மின்னுவது ரைஜல். அதுவும் அரபுச் சொல்தான்: கால். கையை நீட்டி முட்டியை மடக்கினால் அந்த முட்டி வானில் சுமார் 10 பாகையை மறைக்கும். ரைஜலில் இருந்து நேர் மேற்கே இரண்டரை முட்டி தூரத்தில் இரண்டு நட்சத்திரங்கள் அருகருகே தெரியும். அவற்றில் மேற்கே இருப்பது, சற்று மங்கலானது, நாம் தேடுவது.

வெற்றுக் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில் அல்பா சென்டோரிக்கும் சிரியஸுக்கும் அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் இருப்பது இதுவே. ஆனாலும் தூரம் 10.5 ஒளியாண்டுகள், ஏறத்தாழ 100 இலட்சம் கோடி கிலோமீற்றர். அன்று முற்றத்தில் என் கண்ணில் பட்ட ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது நான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுமி. அது வந்து சேர்வதற்குள் நான் உயர்தரத்துக்கு வந்துவிட்டேன்.

செம்மஞ்சள் நிறம் ஏன்?

கொல்லன் உலையில் இரும்பைக் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரும்பு முதலில் சிவக்கும். இன்னும் சூடேறினால் செம்மஞ்சளாகும். பின் மஞ்சளாகி வெண்மையை நெருங்கும். நட்சத்திரங்களும் அவ்வாறே. சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,500 பாகை செல்சியஸ். எப்சிலன் எரிடானியினது சுமார் 4,800 பாகை. சூட்டில் குறைந்ததால் அதன் ஒளி சற்றுச் செம்மஞ்சள் சாய்ந்தது. இத்தகைய நட்சத்திரங்களைச் செம்மஞ்சள் குறு நட்சத்திரங்கள் என்கிறார்கள். 'குறு' என்றாலும் மிகச் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. இதன் திணிவு சூரியனின் திணிவில் பத்தில் எட்டுப் பங்கு.

ஆனால் இது வெளிவிடும் ஒளியோ சூரியனின் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான். திணிவு குறைந்தால் நட்சத்திரத்தின் நடுவிலுள்ள அமுக்கமும் வெப்பமும் குறையும். அங்கே ஐதரசன் ஈலியமாக மாறும் தாக்கம் மிக மெதுவாகிவிடும். எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழிப்பதால் செம்மஞ்சள் குறு நட்சத்திரங்களின் ஆயுள் நீண்டது. சூரியனின் முழு ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள். இவை அதைவிடப் பல நூறு கோடி ஆண்டுகள் கூடுதலாக ஒளிரும். வேற்றுலக உயிர்களைத் தேடுவோர் இவ்வகையின்மீது கண்வைப்பது இதனால்தான். 1960 இல் அமெரிக்காவின் கிரீன் பாங்க் என்ற இடத்தில் பிராங்க் டிரேக், வேற்றுலகச் செய்தி ஏதும் வருகிறதா என்று கேட்க வானொலித் தொலைகாட்டியை இரண்டு நட்சத்திரங்களை நோக்கித் திருப்பினார். அவற்றில் ஒன்று எப்சிலன் எரிடானி. செய்தி எதுவும் வரவில்லை.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். எப்சிலன் எரிடானி இன்னும் 100 கோடியைக்கூட எட்டாத இளம் நட்சத்திரம். இளமைக்குரிய அமைதியின்மை அதனிடம் உண்டு. சூரியன் தன்னைத் தானே சுற்ற 25 நாட்கள் அளவில் எடுக்க, இது 11 நாட்களில் சுற்றிவிடுகிறது. காந்தப்புலம் வலியது, மேற்பரப்பில் கரும்புள்ளிகள் தோன்றி மறைந்தபடி இருக்கும். இந்த அமைதியின்மைதான் பின்னர் வானியலாளர்களைத் திண்டாட வைத்தது.

தூண்டிலில் விழும் இழுப்பு

காணாத ஒன்றை அறிவது எப்படி? எங்கள் சாச்சா தோணியில் போய்க் கைத்தூண்டில் போடுபவர். தங்கூசி இருபது, முப்பது பாகம் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். கீழே நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விரலில் விழும் இழுப்பை வைத்தே மீன் பெரிதா சிறிதா, பாரையா வேறேதுமா என்று சொல்லிவிடுவார். அவர் மீனைக் காண்பதில்லை. மீன் தங்கூசியை என்ன செய்கிறது என்பதைத்தான் அறிகிறார்.

நட்சத்திரத்துக்கும் கோளுக்கும் இடையிலான தங்கூசி ஈர்ப்பு விசை. நட்சத்திரம் அசையாமல் நிற்க, கோள் மட்டும் சுற்றுகிறது என்றுதான் நாம் படம் வரைகிறோம். உண்மையில் இரண்டுமே ஒரு பொது மையத்தைச் சுற்றுகின்றன. சிறு பிள்ளையின் இரு கைகளையும் பிடித்துச் சுழற்றும் வாப்பாவைப் பாருங்கள். பிள்ளை பெரிய வட்டத்தில் பறக்க, வாப்பாவும் சற்றுப் பின்சாய்ந்து சிறு வட்டமொன்றில் கால்மாற்றி நிற்பார். கோள் பிள்ளையைப் போல. நட்சத்திரம் வாப்பாவைப் போல.

அந்தச் சிறு அசைவை அளப்பதற்கு நாம் பௌதிகவியலில் படிக்கும் டொப்ளர் விளைவு உதவுகிறது. அம்பியூலன்ஸ் வண்டி நம்மை நோக்கி வரும்போது அதன் ஒலி கீச்சென்றும், கடந்து போகும்போது தணிந்தும் கேட்கிறதல்லவா? ஒளியிலும் அப்படியே. நட்சத்திரம் நம்மை நோக்கி அசையும்போது அதன் நிறமாலையிலுள்ள கருங்கோடுகள் நீலப் பக்கம் சற்று நகரும். விலகும்போது சிவப்புப் பக்கம் நகரும். அந்த நகர்வைப் பல ஆண்டுகள் பதிவுசெய்தால், நட்சத்திரத்தை இழுப்பது எவ்வளவு பெரியது, எத்தனை நாளைக்கு ஒருமுறை சுற்றுகிறது என்பவற்றைக் கணிக்கலாம். 1995 இல் மிஷெல் மயோரும் டிடியே கெலோவும் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை முதன்முதலில் கண்டறிந்தது இம்முறையால்தான். 2019 இல் அதற்காக அவர்களுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

எப்சிலன் எரிடானியில் அந்த அசைவு எவ்வளவு தெரியுமா? விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு மீற்றர். மணிக்கு நாற்பது கிலோமீற்றர் அளவு. கல்முனைப் பிரதான வீதியில் ஒரு முச்சக்கர வண்டி ஓடும் வேகம். 100 இலட்சம் கோடி கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஒரு நெருப்புக் கோளம் முச்சக்கர வண்டி வேகத்தில் முன்னும் பின்னும் அசைவதை இங்கிருந்து அளக்கிறார்கள். ஒளியின் அலைநீளத்தில் அது உண்டாக்கும் மாற்றம் ஏறத்தாழ இரண்டே முக்கால் கோடியில் ஒரு பங்கு.

நீரோட்டமா, மீனா?

2000 ஆம் ஆண்டில் ஆர்ட்டி ஹாட்செஸ் தலைமையிலான குழு, இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த அளவீடுகளைத் தொகுத்து, எப்சிலன் எரிடானிக்கு ஒரு பெருங்கோள் இருப்பதாக அறிவித்தது. எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை.

இதையும் சாச்சாவின் தூண்டிலை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். தங்கூசியை மீன் மட்டுமா இழுக்கும்? நீரோட்டமும் இழுக்கும். பழகாதவன் நீரோட்டத்தின் இழுப்பை மீன் என்று நம்பிச் சுருட்டி ஏமாறுவான். நட்சத்திரத்தின் கரும்புள்ளிகள் அந்த நீரோட்டத்தைப் போன்றவை. சுழலும் நட்சத்திரத்தின் ஒரு பாதி நம்மை நோக்கி வர, மறு பாதி விலகிப் போகும். ஒரு பக்கத்தில் பெரிய கரும்புள்ளி வந்து ஒளியைக் குறைத்தால், மொத்த ஒளியில் மறு பக்கத்தின் பங்கு கூடிவிடும். நட்சத்திரம் முழுதும் அசைந்தாற்போல் நிறமாலைக் கோடுகள் நகர்ந்து காட்டும். எந்தக் கோளும் இல்லாமலே கோள் இருப்பதாக ஓர் ஏமாற்றம்.

இது வெறும் ஐயமல்ல. எச்.டி. 192263 என்ற இன்னொரு செம்மஞ்சள் குறு நட்சத்திரத்துக்கு 24 நாட்களில் சுற்றும் பெருங்கோள் உண்டு என்று 2000 இல் அறிவித்தார்கள். 2002 இல் வேறொரு குழு அந்நட்சத்திரத்தின் பிரகாசமும் அதே 24 நாட்கள் அளவில் கூடிக் குறைவதைக் கண்டு, "இது கோள் அல்ல, கரும்புள்ளியாக இருக்கலாம்" என்றது. முதற்குழு கோபித்துக்கொள்ளவில்லை, திரும்பவும் அளந்தது. கரும்புள்ளிகள் தோன்றி மறைவதால் பிரகாசத்தின் ஏற்றத்தாழ்வு காலத்துக்குக் காலம் மாறியது. ஆனால் நட்சத்திரத்தின் அசைவோ கடிகாரம்போல் மாறாமல் நின்றது. நீரோட்டம் மாறும்; மீன் தன் பாட்டில் இழுக்கும். 2003 இல் கோள் உண்டென்பது மீண்டும் நிலைநாட்டப்பட்டது.

எப்சிலன் எரிடானியின் கோளோ இவ்வளவு விரைவில் முடிவு தரவில்லை. அது ஒருமுறை சுற்ற ஏழு ஆண்டுகளுக்கு மேல் எடுக்கிறது. மூன்று சுற்றுப் பார்க்கவே இருபத்திரண்டு ஆண்டுகள் வேண்டும். 2019 இல் டிமித்ரி மாவே தலைமையிலான குழு, முப்பது ஆண்டு அளவீடுகளை ஒன்றுசேர்த்து, ஹவாய்த் தீவிலுள்ள கெக் தொலைகாட்டியால் நேரடியாகப் படமெடுக்கவும் முயன்றது. கோள் படத்தில் விழவில்லை. ஆயினும் அதுவும் ஒரு தகவலாயிற்று: மிகப் பெரிய, மிகப் பிரகாசமான கோளாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும் அல்லவா? பின்னர் ஹிப்பார்கோஸ், கையா என்ற விண்கலங்கள் வானில் நட்சத்திரங்களின் இடத்தைத் துல்லியமாகக் குறித்த பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். டொப்ளர் அளவீடு முன்பின் அசைவைச் சொல்கிறது. விண்கலப் பதிவு பக்கவாட்டு அசைவைச் சொல்கிறது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு சாட்சிகள் ஒரே விடயத்தைச் சொன்னது போல.

இன்று நாம் அறிந்தது இதுதான். அக்கோள் திணிவில் வியாழனை ஒத்தது அல்லது சற்றுக் குறைந்தது. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தூரத்தைப்போல் சுமார் மூன்றரை மடங்கு தூரத்தில் தன் நட்சத்திரத்தைச் சுற்றுகிறது. பூமி பெறும் வெயிலில் முப்பதில் ஒரு பங்கைக்கூட அது பெறுவதில்லை. அதன் திணிவு சரியாக எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் சிறு வேறுபாடுகள் உண்டு. அவர்கள் அதை மறைப்பதில்லை; ஒவ்வோர் எண்ணோடும் "இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம்" என்று சேர்த்தே எழுதுகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் மாவட்டத்தின் ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில், உணவில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாக ஒரு வதந்தி எழுந்தது. அந்த இரவிலேயே முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் அப்படி எந்த மருந்தும் அதில் இல்லை, அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. ஒரு கட்டி மாவைப் பரிசோதிக்கும் வரை எவரும் பொறுத்திருக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் நாம் என்பதால் பிறரை மட்டும் குறைசொல்லிவிட்டு நகர முடியாது. நம் கைபேசிக்கு வரும் செய்தியை நாமும் எத்தனை தரம் விசாரிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பியிருப்போம்? செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு நம் மார்க்கமும் கட்டளையிட்டிருக்கிறது.

பெயர் வைத்தவர்கள்

2015 இல் சர்வதேச வானியல் ஒன்றியம் சில நட்சத்திரங்களுக்கும் கோள்களுக்கும் பொதுமக்களிடமிருந்து பெயர் கேட்டது. எப்சிலன் எரிடானிக்கு 'ரான்' என்றும், அதன் கோளுக்கு 'ஏகிர்' என்றும் பெயர் வந்தது. அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடசாலையின் எட்டாம் தர மாணவர்கள் முன்வைத்த பெயர்கள் அவை. பழைய வட ஐரோப்பியக் கதைகளில் இவ்விருவரும் கடலைக் குறிப்பவர்கள்; கணவனும் மனைவியும். கடலில் மூழ்கியவர்களை ரான் தன் வலையால் அள்ளிக்கொள்வாளாம். அது அவர்களின் பழங்கதை, நம் நம்பிக்கை அல்ல. ஆனாலும் கரைவலை இழுக்கும் ஊரில், சுனாமிக்குப் பிள்ளைகளைக் கொடுத்த ஊரில் இருந்து அந்த நட்சத்திரத்தைப் பார்க்கையில், அப்பெயர் மனதை ஒரு கணம் நிறுத்தத்தான் செய்கிறது.

இலங்கைக்கும் அப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்தது. 2019 இல் அவ்வொன்றியம் தன் நூற்றாண்டை ஒட்டி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதன் கோளையும் ஒதுக்கியது. நமக்குக் கிடைத்தது எச்.டி. 205739. அது செம்மஞ்சள் அல்ல. சூரியனைவிடச் சூடானது, வெண்மை கூடியது. ஏறத்தாழ 300 ஒளியாண்டுகளுக்கு அப்பால் தென்மீன் கூட்டத்தில் இருப்பதால் வெற்றுக் கண்ணுக்குத் தெரியாது. வியாழனைவிடப் பெரிய திணிவுடைய அதன் கோள் 280 நாட்களில் ஒருமுறை சுற்றுகிறது. 2008 இல் அறிவிக்கப்பட்ட அதுவும் தூண்டில் இழுப்பு முறையால் அறியப்பட்டதே. நட்சத்திரத்துக்குச் 'சாமய' என்றும் கோளுக்குச் 'சமகிய' என்றும் நாடு பெயரிட்டது. சிங்களத்தில் சமாதானம், ஒற்றுமை என்று பொருள். 2019 ஏப்ரலின் துயரத்தையும், அதன்பின் ஊருக்கும் ஊருக்கும் இடையே விழுந்த சந்தேகத்தையும் கண்ட எங்கள் கரையோர மக்களுக்கு, அதே ஆண்டின் இறுதியில் நாடு வானத்துக்கு அனுப்பிய சொற்கள் இவை என்பது தெரிந்திருக்க வேண்டும். பெயர் வைப்பது எளிது. முப்பது ஆண்டு அளந்து பார்ப்பது போன்ற பொறுமைதான் மண்ணில் இன்னும் தேவைப்படுகிறது.

இவ்வளவையும் படித்த பின் மூத்தம்மாவிடம் போய், சாச்சாவின் தூண்டிலை வைத்தே விளக்கிச் சொன்னேன். நீரோட்டக் கதை வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒருத்தரும் காணல்லத்தான். ஆனா கைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். பிறகு, "எத்தின வருசமாப் பாத்தாங்களாம்?" என்று கேட்டார்.

"முப்பது வருசத்துக்கு மேல, மூத்தம்மா."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். "சரி மகள். இனி அந்த வெள்ளிய எனக்கும் காட்டு. எந்தப் பக்கம் எண்டு சொன்ன?"

அவரது கையைப் பிடித்து மடக்கி, ரைஜலில் இருந்து மேற்கே இரண்டரை முட்டி அளந்து காட்டினேன். அடுத்த ஜனவரியில் உங்கள் வீட்டு மூத்தம்மாவுக்கும் காட்டிப் பாருங்கள்.